தேர்வு பயமும் விரல்நுனித் தட்டலும்

பொதுத்தேர்வு நெருங்கும்போது உள்ளங்கை வியர்க்கிறது, வயிற்றைப் பிசைகிறது என்று சொல்லும் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். "பயப்படாதே" என்று சொல்வதால் பயம் போவதில்லை. அந்த நேரத்தில் கைக்கு ஒரு வேலை கொடுப்பது மேல். அப்படிப்பட்ட ஒன்றுதான் அழுத்தப் புள்ளிகளில் விரலால் தட்டும் பயிற்சி.

அமெரிக்க உளவியலாளர் ரோஜர் கலஹான் 1980களில் தொடங்கியதை, 1990களில் பொறியியல் படித்த கேரி கிரேக் எளிமைப்படுத்தி 'எமோஷனல் ஃப்ரீடம் டெக்னிக்ஸ்' என்று பெயரிட்டார். புள்ளிகள் சீன அக்குபங்சரிலிருந்து வந்தவை. சிலர் இதை நம் வர்மக் கலையோடு சேர்த்துப் பேசுகிறார்கள். வர்மம் ஆசானிடம் கற்கும் தனிக் கலை, குழப்ப வேண்டாம்.

முதலில், பயம் இப்போது எவ்வளவு என்று 0 முதல் 10 வரை ஓர் எண்ணை மாணவர் நோட்டில் எழுத வேண்டும். பிறகு சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கையின் ஓரத்தை மறு கை விரல்களால் தட்டியபடி, "கணக்குத் தேர்வை நினைத்தால் பயமாக இருக்கிறது, இருந்தாலும் என்னை நான் ஏற்றுக்கொள்கிறேன்" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். அடுத்து புருவத்தின் உள்முனை, கண்ணின் வெளியோரம், கண்ணுக்குக் கீழ், மூக்குக்குக் கீழ், முகவாய், காறையெலும்பின் கீழ், அக்குளுக்குச் சற்றுக் கீழ், உச்சந்தலை என ஒவ்வோர் இடத்திலும் ஐந்தாறு முறை மெதுவாகத் தட்டல். மூச்சை இழுத்துவிட்டு மீண்டும் எண்ணை எழுதலாம். ஐந்து நிமிடம் போதும்.

பலருக்கு எண் குறைகிறது. ஆனால் புள்ளிகள்தான் காரணமா? 2003இல் வெளியான கனடா ஆய்வொன்றில் 119 கல்லூரி மாணவர்களைப் பிரித்து, ஒரு குழுவினரைச் சரியான புள்ளிகளிலும், இன்னொரு குழுவினரை வேறு இடங்களிலும், மூன்றாம் குழுவினரை ஒரு பொம்மையின் மீதும் தட்டச் சொன்னார்கள். மூன்று குழுவிலும் பயம் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது. எதுவும் செய்யாத குழுவில் அப்படிக் குறையவில்லை. (ஒப்பீட்டுக் குழு எதற்கு என்று விளக்க, அறிவியல் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது!) ஆகவே 'சக்தி ஓட்டம்' என்றெல்லாம் வகுப்பில் சொல்லத் தேவையில்லை. பயத்தை வாய்விட்டுச் சொல்வதும் கவனம் உடலுக்குத் திரும்புவதுமே உதவியிருக்கலாம்.

மாணவர் தம்மைத் தாமே தட்ட வேண்டும். நாம் தொட்டுக் காட்டக் கூடாது, நம் உடலில் செய்துகாட்டினால் போதும். விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம்.

இந்தப் பயிற்சியில் எனக்கு அதிகம் உதவுவது தட்டலைவிட அந்த எண்தான். எங்கள் வகுப்பில் ஒரு மாணவி மூன்று நாளும் 9 என்றே எழுதினாள். தனியாக அழைத்துப் பேசியபோது தேர்வைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்றாள். தலைமையாசிரியரிடம் சொல்லி அன்றே 1098க்குப் பேசினோம். பெற்றோர் பெங்களூருவிலும் திருப்பூரிலும் வேலை செய்ய, பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகள் நம் தருமபுரி மாவட்டத்தில் நிறைய உண்டு. அவர்கள் எழுதும் 8க்கும் 9க்கும் பின்னால் எது இருக்கும் என்று கேட்டால்தான் தெரியும்.

எண் இறங்காத பிள்ளை, தூக்கமும் சாப்பாடும் குறைந்த பிள்ளை, 'செத்துப்போகலாம்' என்று ஒருமுறை சொன்ன பிள்ளை, இவர்களுக்குத் தட்டல் மருந்தாகாது. பள்ளிக்கல்வித் துறையின் 14417, மனநல ஆலோசனைக்கான 14416 இரண்டையும் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வையுங்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்ப நேர்ந்தால், பெற்றோருடன் ஓர் ஆசிரியரும் போவது நல்லது.