ஏழு வருவதற்கு எத்தனை வழி?

அரையாண்டுத் தேர்வு. பத்தாம் வகுப்புக் கணக்கு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். இரண்டு சீரான பகடைகளை ஒருசேர உருட்டினால் முக மதிப்புகளின் கூடுதல் 7 ஆக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன என்பது இரண்டு மதிப்பெண் வினா. நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தி, கூடுதல் 2 முதல் 12 வரை வரும், ஆக மொத்தம் 11, அதில் 7 ஒன்று, எனவே 1/11 என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுப் பூஜ்ஜியம் கொடுத்தேன்.

தாளை வாங்கியவள் மேசைக்கு வந்தாள். "டீச்சர், சாதகமானதை மொத்தத்தால வகுத்திருக்கேனே, எங்க தப்பு?"

"ரெண்டு பகடைன்னா கீழே 36 போடணும்மா, சொல்லிக் கொடுத்தேன்ல?" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். நான் சொன்னது விளக்கமே அல்ல என்பது அன்று மாலை பேருந்தில்தான் உறைத்தது. அவள் சூத்திரத்தைச் சரியாகவே பயன்படுத்தியிருந்தாள். அந்தச் சூத்திரம் எப்போது செல்லும் என்பதைத்தான் நான் சொல்லித் தரவில்லை. எல்லா விளைவுகளுக்கும் வாய்ப்பு சமமாக இருந்தால் மட்டுமே அப்படி வகுக்கலாம். நம் கலைச்சொல்லும் இதில் கொஞ்சம் குழப்புகிறது. 'சமவாய்ப்புச் சோதனை' என்று பாடநூலில் படிக்கும் பிள்ளை, சோதனையில் எதை எண்ணினாலும் வாய்ப்பு சமம்தான் என்று நினைத்தால் அவளைக் குறை சொல்ல முடியுமா?

மறுநாள் நான்கு புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் தேய்த்து எடுத்துப் போனேன். தாயம் ஆடிய பிள்ளைகளுக்கு அது புதிதல்ல. "நாலும் வெள்ளையா விழுறதும், ரெண்டு மட்டும் வெள்ளையா விழுறதும் ஒண்ணா?" என்று கேட்டேன். "எப்படி டீச்சர்? நாலு விழுறது கஷ்டமாச்சே" என்றது வகுப்பு முழுவதும். ஏன் கஷ்டம்? கொட்டைகளுக்கு எண் போட்டு அடுக்கிப் பார்த்தார்கள். இரண்டு வெள்ளைக்கு ஆறு வழி, நான்கு வெள்ளைக்கு ஒரே வழி. (கொட்டை நாணயம்போலச் சீரானதல்ல. வழிகளை எண்ணுவதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள், நிகழ்தகவு கணக்கிட வேண்டாம்.)

பிறகு சிவப்பு, நீலம் என இரண்டு பகடைகள். நிறம் வேறாக இருப்பது முக்கியம். ஒரே நிறத்தில் கொடுத்தால் "3, 4-உம் 4, 3-உம் ஒண்ணுதானே?" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். சிவப்பில் 3 நீலத்தில் 4 வேறு, சிவப்பில் 4 நீலத்தில் 3 வேறு என்று கண்ணால் பார்த்த பிறகு அந்தக் கேள்வி எழவில்லை. ஆறுக்கு ஆறு கட்டம் வரைந்து ஒவ்வொன்றிலும் கூடுதலை எழுதச் சொன்னேன். 2 ஒரு கட்டத்தில், 12 ஒரு கட்டத்தில். 7 மட்டும் மூலைக்கு மூலை ஆறு கட்டங்களில் நின்றது. 6/36, அதாவது 1/6. அந்த மாணவி தன் தாளை எடுத்துப் பார்த்துச் சிரித்தாள்.

அவளுக்காக ஒரு செய்தியும் சொன்னேன். பிரெஞ்சுக் கணித மேதை தாலம்பேர், 1754-இல் வெளிவந்த கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றில் இதே இடத்தில்தான் சறுக்கினார். நாணயத்தை இருமுறை சுண்டினால் ஒரு தலையாவது விழ வாய்ப்பு 2/3 என்றார். முதலிலேயே தலை, பூவுக்குப் பின் தலை, இரண்டும் பூ என மூன்றாக எண்ணி, மூன்றும் சமம் என்று வைத்துக்கொண்டார். முதலிலேயே தலை என்பதற்குள் இரண்டு விளைவுகள் அடங்கியிருக்கின்றன. சரியான விடை 3/4.

பொதுத்தேர்வுக்கும் இந்தக் கட்டம் உதவுகிறது. இரண்டு முக மதிப்புகளும் சமமாக இருக்க, அல்லது கூடுதல் 4 ஆக இருக்க நிகழ்தகவு என்ன என்ற ஐந்து மதிப்பெண் கணக்கு நமக்குத் தெரியும். சமமான ஆறு கட்டங்களை வட்டமிட்டு, கூடுதல் 4 வரும் மூன்று கட்டங்களில் கோடிட்டால், (2, 2)-இல் இரண்டும் விழுகின்றன. 6 + 3 − 1 = 8, எனவே 8/36 அல்லது 2/9. எதற்காக ஒன்றைக் கழிக்கிறோம் என்று பிறகு யாரும் கேட்கவில்லை. கட்டம் போட இரண்டு நிமிடம் ஆகிறது என்று முணுமுணுத்தார்கள். ஆகட்டும். சீட்டுக்கட்டுக் கணக்குக்கு இது தேவையில்லை, அங்கே 52 சீட்டும் தனித்தனியாகவே தெரிகின்றன.

திருப்புதல் தேர்வில் மூன்று நாணயங்களைச் சுண்டி, சரியாக இரண்டு தலை கிடைக்க நிகழ்தகவு கேட்டேன். அந்த மாணவி மர வரைபடம் போட்டு 3/8 எழுதினாள். பையன்கள் இருவர் 1/4 எழுதியிருந்தார்கள். தலைகளின் எண்ணிக்கை 0, 1, 2, 3 என நான்கு, அதில் ஒன்று! இந்த முறை "கீழே 8 போடணும்" என்று நான் சொல்லவில்லை. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என மூன்று நாணயங்களைக் கொடுத்து, விழுவதையெல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொல்லிக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினேன்.