தாகூரைப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து தொடங்குவது?

ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்குத் தாகூரைச் சொல்ல உட்காரும்போது 1861, கல்கத்தா, 1913, நோபல் பரிசு என்று தொடங்க வேண்டாம். அவை பரீட்சைக் கொப்பியோடு நின்றுவிடும். பாலமுனையில் ஓதப் பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குப் பின்னேரத்தில் மிஞ்சுவது அரை மணித்தியாலம்தான். அந்த மனிதரின் கை என்ன செய்தது என்பதை மட்டும் காட்டுங்கள்.

முதல் நாள் ஒரு தாளும் பேனையும் போதும். கடற்கரையில் கண்டதை மூன்று வரியில் எழுதச் சொல்லுங்கள். பிறகு, பிடிக்காத சொற்களை வெட்டச் சொல்லுங்கள். ஏச வேண்டாம், இன்றைக்கு வெட்டுத்தான் பாடம். வெட்டிய இடங்களைக் கோடுகளால் இணைத்ததும் தாளைத் திருப்பித் திருப்பிக் காட்டி, “இது என்ன மாதிரி இரிக்கி மகள்?” என்று கேளுங்கள். அவள் சொல்வதையே அந்தக் கோடுகளிலிருந்து வரையட்டும். உயிருள்ளவற்றை வரைய விரும்பாத வீடென்றால் வள்ளமும் அலையும் தென்னோலையும் தாராளமாக இருக்கின்றன.

அதன் பிறகே தாகூரின் பெயர் வரட்டும். அவரும் கவிதை எழுதிய தாள்களில் வெட்டிய சொற்களை இணைத்து விசித்திரமான பறவைகளையும் மிருகங்களையும் உண்டாக்கினார். அறுபது வயதைத் தாண்டித்தான் ஓவியத்தில் முழுமூச்சாக இறங்கினார். இரண்டாயிரத்துக்கும் மேல் வரைந்தார். 1930இல் பாரிஸில் கண்காட்சி வைத்தார். 1934இல் நம் நாடான இலங்கைக்கு வந்து ஹொரணையில் ஸ்ரீ பாலி கலைக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டினார் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

இரண்டாம் நாள் ‘காபூலிவாலா’. 1892இல் அவர் எழுதிய சிறுகதை. வாசித்துக் காட்ட வேண்டாம், வாயால் சொல்லுங்கள். ஆப்கானிஸ்தானிலிருந்து வந்து கல்கத்தாத் தெருக்களில் முந்திரிகையும் பாதாமும் விற்கும் ரஹ்மத், அவரைக் கண்டு முதலில் பயந்தோடி, பிறகு கூட்டாளியாகிவிடும் ஐந்து வயது மினி. ரஹ்மத் ஒருவரைக் கத்தியால் குத்திச் சிறை போகும் இடத்தைச் சின்னப் பிள்ளைகளுக்கு, “கோபத்தில் பிழை செய்தார், பல வருஷம் அடைபட்டார்” என்று சுருக்கலாம், மறைக்கக் கூடாது. நிதானமாகச் சொல்ல வேண்டியது கடைசிக் கட்டம்: தூரத்திலிருக்கும் தன் மகளின் கை அச்சைப் பதித்த தாளை ரஹ்மத் நெஞ்சோடு வைத்திருந்தார். படம் அல்ல, கரிபூசிய சின்னக் கையின் அடையாளம். கத்தாரிலும் சவூதியிலும் வாப்பா இருக்கும் பிள்ளைகள் நம் ஊரில் எத்தனை பேர்! அவர்களுக்கு இதற்கு விளக்கமே வேண்டாம். பிள்ளை அழுதால் பாடத்தை விட்டுவிட்டு மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் கை அச்சு. சட்டிக்கரியைத் துணியில் தொட்டு, இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுக் குழைத்து உள்ளங்கையில் மெல்லப் பூசுங்கள். எண்ணெய் கூடினால் தாள் ஊறிவிடும். தாளுக்குக் கீழே மடித்த துணியை வைத்தால் உள்ளங்கைக் குழியும் பதியும். கையைப் பதித்து நேராக மேலே எடுக்க வேண்டும், இழுக்கக் கூடாது. நன்றாகக் காயவிட்டு, ஓரத்தில் பெயரையும் திகதியையும் பிள்ளையே எழுதட்டும். வாப்பா வெளிநாட்டில் என்றால், அடுத்த முறை ஊரிலிருந்து அங்கு போகிறவரிடம் அந்தத் தாளையே கொடுத்தனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்புவதோடு நிறுத்த வேண்டாம்.