விமானமோட்டும் தொழிலின் நிலையும் நிலையாமையும்

பௌதிகமும் கணிதமும் பயிலும் மாணவர் பலர்க்கு விமானமோட்டும் தொழிலில் வேட்கை மிகுந்துள்ளது. ஏர் இந்தியா 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் 470 விமானங்களையும், இண்டிகோ அவ்வாண்டு ஜூன் மாதத்தில் 500 விமானங்களையும் வாங்க முற்பட்டன. இத்துணை விமானங்கள் வருமிடத்து ஓட்டுவோர்க்கு வேலை குறைவுபடுமோ என்று அன்னார் கருதுதல் இயல்பே. ஆயினும், லைசென்சு பெற்றும் வேலை பெறாது காத்திருக்கும் இளைஞர் நம் நாட்டிற் பலர் உளர். ஆள் கிடைக்கவில்லையெனக் கம்பெனிகளும், வேலை கிடைக்கவில்லையென இளைஞரும் ஒரே காலத்தில் முறையிடுவது எங்ஙனம்? இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண், விமானி உருவாகும் முறையை அறிதல் வேண்டும். நம் நாட்டில் வணிக விமானி லைசென்சு பெற விரும்புவோர், ஆடவராயினும் மகளிராயினும், பதினெட்டு வயது நிரம்பியவராய், மருத்துவச் சோதனையிலும் எழுத்துத் தேர்வுகளிலும் தேறியவராய், 200 மணி நேரம் விமானம் ஓட்டியவராய் இருத்தல் வேண்டும். இப்பயிற்சி பெரும்பாலும் சிறு விமானங்களில் நடைபெறுவது. பிரயாணிகளை ஏற்றிச்செல்லும் ஏர்பஸ் 320, போயிங் 737 முதலியவற்றை ஓட்டுதற்கு, அவ்வவ் வகைக்குரிய தனிப்பயிற்சியும் ஒப்புதலும் பெறல் வேண்டும். இவற்றிற்குப் பல லட்சம் ரூபாய் செலவாதலின், நிலத்தையோ வீட்டையோ ஈடுவைத்துக் கடன்படும் குடும்பங்களும் உண்டு. இவ்வளவும் முடித்த பின்னரும் துணை விமானியாகவே அமர்தல் கூடும். தலைமை விமானியாதற்குரிய உயர்தர லைசென்சுக்கு 1500 மணி நேர அனுபவம் வேண்டப்படுகின்றது.

நாம் எழுப்பிய வினாவிற்கு விடை இங்கேயே உளது. பெரிய விமானத்தில் தலைமை விமானி ஒருவரும் துணை விமானி ஒருவரும் இருந்தாலன்றி அது புறப்படாது. கம்பெனிகள் தேடி அலைவது பெரும்பாலும் முன்னவரை. வாயிலிற் காத்திருப்போரோ பின்னவராக விரும்புவோர். முன்னவர் தொகை பெருகினாலன்றிப் பின்னவர்க்கு இடம் பெருகாது. தலைமை விமானி பணியினின்று விலகுதற்கு ஓராண்டு முன்னறிவிப்புத் தரல் வேண்டுமென 2017-இல் விதிக்கப்பட்டமை அன்னாரின் அருமையைக் காட்டும். ஆகவே, பஞ்சமும் மிகுதியும் ஒரே ஏணியின் இருவேறு படிகளில் நிகழ்வனவாம்.

நிற்க, கம்பெனிகளின் நிலையைக் காண்போம். 1953-இல் அரசுடைமையாக்கப்பட்ட விமானப் போக்குவரவு, பிற்காலத்தில் தனியார்க்குத் திறந்துவிடப்பட்டது. 2005-இல் பறக்கத் தொடங்கிய கிங்ஃபிஷர் 2012 அக்டோபரிலும், 1993-இல் தொடங்கிய ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும் ஓய்ந்தன. எஞ்சின் பழுதால் விமானங்கள் பல தரையில் நின்றுவிட்டன என்று கூறி, கோ ஃபர்ஸ்ட் கம்பெனி 2023 மே மாதத்தில் பறத்தலை நிறுத்தியது. எரிபொருளின் விலையும், கடனின் சுமையும், போட்டியாற் குறைந்த கட்டணமும் இத்தொழிலை ஓயாது அரிப்பன. முற்கூறிய இரு கம்பெனிகளிலும் ஊழியர் பல மாதச் சம்பளம் பெறாது வருந்தினர். தலைமை விமானி உருவாகப் பல ஆண்டுகள் செல்லும். கம்பெனி வீழ ஒரு நாள் போதும். அங்ஙனம் வீழ்ந்தவழி, அனுபவம் மிக்க விமானிகள் பிற கம்பெனிகளை நாடுவர். புதியோர் வரிசையிற் பின்தள்ளப்படுவர்.

விதிகளும் விமானிகளின் தேவையைக் கூட்டுவதுண்டு. வாராந்தர ஓய்வு 36 மணி நேரத்தினின்று 48 மணி நேரமாக உயர்த்தப்பட்டது. இரவிற் செய்யும் பணியும் குறுக்கப்பட்டது. இப்புதிய விதிகள் முற்றும் நடைமுறைக்கு வந்தபின், 2025 டிசம்பர்த் தொடக்கத்தில் இண்டிகோவின் பயணங்கள் ஆயிரக்கணக்கில் நின்றுபோயின. விமானிகளை மட்டுமட்டாக வைத்து நடத்தும் வழக்கம் எத்துணை இடர் விளைக்கும் என்பதனை அந்நாட்கள் காட்டின.

அயல்நாடு சென்று பிழைக்கலாமெனின், அதுவும் எளிதன்று. ஒரு நாட்டு லைசென்சு மற்றொரு நாட்டில் தானே செல்லுபடியாகாது. அந்நாட்டார் வகுத்த முறைப்படி ஒப்புதல் பெறல் வேண்டும். வளைகுடா நாட்டுக் கம்பெனிகள் பெரும்பாலும் அனுபவமுடையோரையே அழைக்கின்றன. 2020-இல் கொள்ளைநோய் பரவியபோது அவை விமானிகள் பலரை நீக்கின. வேலையைப் பற்றியே வதியும் உரிமை பெற்ற அயல்நாட்டினர், வேலையோடு அதனையும் இழக்கும் நிலை எய்தினர். அமெரிக்காவில், 2009-இல் பஃபலோ நகரின் அருகே நேர்ந்த விபத்திற்குப் பின், துணை விமானிக்கும் பொதுவாக 1500 மணி நேரம் வேண்டுமென 2013-இல் விதித்தனர். அங்கும் 2020-இல் மூத்த விமானிகள் பலர் முன்கூட்டியே ஓய்வு கொள்ளத் தூண்டப்பெற்றனர். இரண்டாண்டிற்குள் ஆள் போதாமையால் சிற்றூர்களுக்குச் செல்லும் பயணங்கள் குறைக்கப்பட்டன. பஞ்சமும் மிகுதியும் மாறிமாறி வருதல் இத்தொழிலில் எந்நாட்டிற்கும் பொதுவென அறிக.

இவற்றாற் பெறப்படுவது யாது? இன்று விமானிகட்குத் தேவையுண்டு என்னும் செய்தி, பயிற்சி முடித்து வரும் நாளிலும் தேவையிருக்கும் என்பதற்கு உறுதியாகாது. ஆதலின், இத்துறையில் விருப்புடையோர் பணங்கட்டுமுன் மருத்துவச் சோதனையை முடித்துக்கொள்க. பயிற்சிப் பள்ளியின் விளம்பரத்தை நம்பாது, அங்குப் பயின்றோர் எத்துணைப் பேர், எத்துணைக் காலங்கழித்து வேலை பெற்றனர் என நேரே வினவுக. வேலையின்றி ஈராண்டு இருக்க நேரினும் கடனைத் தாங்க இயலுமா என்று பெற்றோருடன் கலந்தாய்க. வேறொரு பட்டமும் கைவசம் இருத்தல் நன்று. கோபுரங் கட்டப் புகுவோன் முன்னரே செலவைக் கணக்கிட வேண்டுமென்னும் கர்த்தரின் உவமையை நாம் சிற்றாலயத்திற் பலகாற் கேட்டுள்ளோம். அவ்வுவமை கட்டுதலை விலக்கவில்லை. கணக்கிடாது கட்டுதலையே விலக்குகின்றது. கணக்கிட்டுத் துணிவோர்க்கு வானம் என்றும் திறந்தேயுளது.