இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவே

ஆலங்குளத்தையோ அதைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களையோ சேர்ந்தவர் என்றால், ஊர்ப் பொங்கலில் விடிய விடிய நடக்கும் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வள்ளியாக நடிப்பவர் ஓர் ஊரிலிருந்து வருவார். நாரதர் வேறோர் ஊரிலிருந்து வருவார். ஒத்திகை என்பதே கிடையாது. அன்று மாலைதான் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதும் உண்டு. ஆயினும் நாடகம் தங்கு தடையின்றி நடக்கிறது. வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் முற்றும்போது ஒருவர் சட்டென்று ஒரு பாட்டை எடுப்பார். அடுத்த கணமே ஆர்மோனியக்காரர் சுருதியைப் பிடித்து, பாட்டின் பின்னாலேயே போய், பாடுபவர் மூச்சு விடும் இடத்தில் தாமும் நாலு சுரம் சேர்த்து வாசித்துவிடுவார். எழுதி வைத்துக்கொண்டா வாசித்தார்? இல்லை. அப்படியானால் விரல்களுக்கு எப்படித் தெரிந்தது?

கடல் கடந்து அமெரிக்காவில் வளர்ந்த ‘ஜாஸ்’, ‘புளூஸ்’ என்னும் இசை வகைகளில் பியானோ வாசிப்பவரிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். அவரும் எழுதி வைத்ததை வாசிப்பதில்லை. அந்த நிமிடத்தில் புனைந்து வாசிக்கிறார். நம் கருநாடக இசையில் இதற்கு மனோதர்மம் என்று பெயர். இந்தப் புனைவுக்குள் கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் பௌதிகமும் இருக்கின்றன. வீட்டிலோ பள்ளியிலோ பழைய ஆர்மோனியப் பெட்டி ஒன்று கிடந்தால் போதும், நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

முதலில் கட்டைகளை எண்ணுவோம். பாடகர்கள் “எனக்கு ஐந்தரைக் கட்டைச் சுருதி” என்பார்களே, அந்த எண்கள் இந்தப் பெட்டியிலிருந்து வந்தவைதாம். வெள்ளைக் கட்டைகள் 1, 2, 3, 4, 5, 6, 7. அவற்றுக்கு இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் 1½, 2½, 4½, 5½, 6½. மூன்றரை என்று ஒன்று கிடையாது. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கறுப்பு இல்லை என்பதைப் பெட்டியைப் பார்த்தாலே காணலாம். ஆக மொத்தம் 12. பதின்மூன்றாவது கட்டையில் மீண்டும் ‘ஒன்று’ வருகிறது; அதன் அதிர்வெண் முதல் ‘ஒன்றைப்’ போல் சரியாக இரு மடங்கு. பியானோவின் நடுப்பகுதியில் 1 ஆம் கட்டையின் அதிர்வெண் வினாடிக்கு 261.6, மேலே உள்ள 1 ஆம் கட்டைக்கு 523.3. இடைவெளியைப் பன்னிரண்டு சமபங்காக்க வேண்டுமானால், ஒவ்வொரு கட்டையும் முந்தியதைப் போல் 1.0595 மடங்கு இருக்க வேண்டும். 1.0595-ஐப் பன்னிரண்டு முறை பெருக்கிப் பாருங்கள். 2-க்கு வெகு அருகில் வந்து நிற்கும்.

கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மனிதக் குரல் இந்தப் பன்னிரண்டு படிகளில் மட்டும் கால் வைத்து ஏறுவதில்லையே! வீணையில் தந்தியை இழுத்தும், நாதசுரத்தில் சீவாளியில் உதட்டையும் மூச்சையும் மாற்றியும் இரு சுரங்களுக்கு நடுவே வழுக்கிச் செல்ல முடியும். ஆர்மோனியத்தில் முடியாது. அதனுள்ளே இருக்கும் பித்தளை நாக்கு ஒவ்வொன்றும் தனக்குரிய ஓர் அதிர்வெண்ணில்தான் ஆடும். கமகம் வராத பெட்டி என்று சொல்லி, 1940 இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடையே போட்டது. அது தளர்த்தப்பட 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பியானோவுக்கும் இதே குறைதான். சுத்தியல் தந்தியை அடித்த பிறகு வாசிப்பவரின் விரலால் அதன் சுருதியை மாற்ற முடியாது.

இப்போது புளூஸுக்கு வருவோம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் பருத்திக் காடுகளில் உழைத்தனர். பருத்தி எடுப்பது எப்படி முதுகை ஒடிக்கும் வேலை என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். 1865 இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது; வறுமை ஒழியவில்லை. அவர்களுடைய வேலைப் பாட்டுகளிலிருந்தும் தேவாலயப் பாட்டுகளிலிருந்தும் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி உருவானது புளூஸ். 1912 இல் டபிள்யூ. சி. ஹாண்டி தம் ‘மெம்பிஸ் புளூஸ்’ இசைப் படைப்பை அச்சிட்டபோது அது ஊரறிந்த பாணியாகிவிட்டது.

அந்தப் பாடகர்கள் பாடிய ஒரு சுரம் கட்டைகளுக்குள் அகப்படவில்லை. 2½ கட்டைக்கு 311.1, 3 ஆம் கட்டைக்கு 329.6. பாடகரின் காந்தாரமோ இரண்டுக்கும் நடுவில் எங்கோ, அதுவும் அசைந்துகொண்டே, நின்றது. இத்தகைய சுரங்களுக்கு ‘நீலச் சுரங்கள்’ என்று பெயர் வைத்தார்கள். கிதார் வாசிப்பவர் தந்தியை வளைத்து அதைப் பிடித்துவிட்டார். பியானோக்காரர் என்ன செய்வார்?

அவர் செய்தது ஒரு தந்திரம். இல்லாத சுரத்தை வாசிக்க முடியாது. இருப்பதாகக் காதை நம்ப வைக்கலாம் அல்லவா? 2½, 3 இரண்டையும் ஒன்றாக அழுத்தினார். அல்லது 2½-இல் விரலை வைத்த மாத்திரத்தில் 3-க்குச் சறுக்கவிட்டார். கறுப்புக் கட்டை மேட்டில் இருக்கிறது. வெள்ளை பள்ளத்தில் இருக்கிறது. ஒரே விரல் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக வழுக்கி விழும். 4½-இலிருந்து 5-க்கும் இப்படியே. வெள்ளையிலிருந்து கறுப்புக்கு ஒரே விரலால் ஏற முயன்று பாருங்கள், அவ்வளவு எளிதில் வராது.

இரண்டையும் ஒன்றாக அழுத்தும்போது எழும் கரகரப்பு எதனால்? அருகருகே உள்ள இரு அதிர்வெண்கள் சேர்ந்தால், அவற்றின் வேறுபாட்டு எண்ணிக்கைக்கேற்ப ஒலி ஓங்கி ஓங்கித் தணியும். பாடப் புத்தகத்தில் விம்மல் என்று படிக்கிறீர்களே, அதுதான். 329.6-இல் 311.1 போக 18.5. வினாடிக்குப் பதினெட்டுக்கு மேற்பட்ட விம்மல்களைக் காது எண்ண முடியாமல் கரகரப்பாகவே கேட்கிறது. உங்கள் பெட்டியில் இதற்கு ஒரு கட்டைத்தொகுதி கீழே போய் அதே 2½, 3 இரண்டையும் அழுத்துங்கள். அதிர்வெண்கள் பாதியாகின்றன, விம்மலும் பாதியாகி ஒன்பதளவில் நடுங்கும். நடுக்கம் மெதுவாவது நன்றாகவே கேட்கும். பழைய பெட்டிகளில் சுருதி சற்று விலகியிருக்கும் என்பதால் எண்கள் கொஞ்சம் மாறலாம்.

சரி, வாசிக்கத் தொடங்குவோமா? வலக்கைக்கு ஆறு கட்டைகள் போதும்: 1, 2½, 4, 4½, 5, 6½. இதில் 4½-ஐ நீக்கிவிட்டுப் பாருங்கள். ச, க, ம, ப, நி. பாட்டு கற்றவர்கள் இது சுத்த தன்யாசியின் சுரங்கள் என்று உடனே சொல்லிவிடுவார்கள். சுரங்கள் ஒன்றுதான்; அதற்காக இது அந்த ராகம் ஆகிவிடாது. ராகத்துக்கு அதன் கமகமும் பிடிகளும் வேண்டும். அரிசியும் உளுந்தும் ஒன்றே ஆனாலும் தோசை வேறு, இட்லி வேறு.

இடக்கைக்கு ஒரு சட்டம் இருக்கிறது. பன்னிரண்டு அறைகள், ஒவ்வொன்றிலும் நான்கு தட்டு. மொத்தம் 48. ஆதி தாளத்தில் எண்ணினால் சரியாக ஆறு ஆவர்த்தனம்! ஓர் எழுத்துக்கு ஓர் அறை என்று இப்படி எழுதிக்கொள்ளுங்கள்:

ச ச ச ச
ம ம ச ச
ப ம ச ச

‘ச’ என்ற இடத்தில் 1, 3, 5 கட்டைகளை ஒன்றாக அழுத்த வேண்டும். ‘ம’ என்றால் 4, 6, 1. ‘ப’ என்றால் 5, 7, 2. எல்லாம் வெள்ளைதான். பழகிய பின் முதற்கூட்டில் 6½-ஐயும், இரண்டாவதில் 2½-ஐயும், மூன்றாவதில் 4-ஐயும் சேர்த்துக்கொள்ளலாம். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ‘ச’ கூட்டில் இடக்கை 3-ஐப் பிடித்திருக்கும்போது வலக்கை 2½-ஐத் தொடுகிறது. சாதாரணமாக இதைத் தப்புச் சுரம் என்பார்கள். புளூஸின் காரமே அந்த மோதலில்தான் இருக்கிறது.

கையால் துருத்தி போடும் பெட்டியில் இடக்கை ஓய்வாக இராது. அப்போது ஒரு நண்பரை வேறொரு பெட்டியிலோ சிறிய கீபோர்டிலோ கூட்டுச் சுரங்களைப் பிடிக்கச் சொல்லுங்கள். தனியாகப் பழகுவதைவிட இதுவே மேல் என்பது என் கருத்து.

அடுத்தது நடை. ஜாஸில் ஒரு தட்டைச் சரிபாதியாக வெட்டுவதில்லை. தகிட என்று மூன்றாக எண்ணி, ‘த’வில் ஒரு சுரமும் ‘ட’வில் ஒரு சுரமும் வையுங்கள். முதற்சுரம் நீளும், அடுத்தது குறுகும். இந்த நொண்டி நடைக்கு ‘ஸ்விங்’ என்று பெயர். வேகம் கூடக் கூட இந்த ஏற்றத்தாழ்வு குறைந்து சமத்தை நெருங்கும்.

இனிப் புனைவு. புதிதாகப் பழகுவோர் பெரும்பாலும் ஒரு தவறு செய்வார்கள். ஆறு கட்டையும் தெரிந்துவிட்டது என்று சிவகாசிச் சரவெடிபோல இடைவெளியே இல்லாமல் சுரங்களைக் கொட்டுவார்கள். புளூஸ் பாட்டின் அமைப்பைக் கவனியுங்கள். மேலே எழுதிய ஒவ்வொரு வரிக்கும் நான்கு அறை. பாடுபவர் ஏறக்குறைய இரண்டு அறையில் தம் அடியைப் பாடி முடித்துவிடுவார். மிச்சம் இரண்டு அறை வாத்தியத்தின் பதிலுக்கு. இரண்டாம் வரியில் அதே அடியை மீண்டும் பாடுவார், மூன்றாம் வரியில் முடிப்பு. நாடகத்தில் ஆர்மோனியக்காரர் மூச்சு விடும் இடத்துக்குக் காத்திருந்தாரே, அதே காத்திருப்பு இங்கும் வேண்டும். எனவே முதல் வாரம் 1 ஆம் கட்டையை மட்டும் வைத்து 48 தட்டும் வாசியுங்கள். சுரம் மாறக்கூடாது; எங்கே தட்டுகிறோம், எங்கே சும்மா இருக்கிறோம் என்பது மட்டும் மாறலாம். அடுத்த வாரம் 2½-ஐயும் 4-ஐயும் சேருங்கள். ஒவ்வொரு அடியையும் முதலில் வாயால் பாடிவிட்டு, பிறகு கட்டையில் தேடுங்கள். காது முன்னே போக, விரல் பின்னே வரவேண்டும். கண் பார்வை மிகக் குறைந்திருந்த ஆர்ட் டேட்டம், ஜாஸ் பியானோவில் ஈடற்றவராகப் போற்றப்படுகிறவர், பெரும்பாலும் காதால் கேட்டே கற்றார்.

இவ்வாறு புனையும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று பார்க்க, 2008 இல் சார்லஸ் லிம், ஆலன் பிரான் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களைக் காந்த அதிர்வுப் படமெடுக்கும் கருவிக்குள் படுக்கவைத்து, சிறிய கீபோர்டை வாசிக்கச் சொன்னார்கள். மனப்பாடம் செய்ததை வாசிக்கும்போது இருந்ததைவிட, புனையும்போது நெற்றிப் பகுதி மூளையில் ‘இது சரியா, தவறா’ என்று தன்னையே கண்காணிக்கும் பக்கப் பகுதிகள் அடங்கின. நடுப்பகுதி ஒன்று கூடுதலாக வேலை செய்தது. ஆறே பேரிடம் செய்த ஆய்வு என்பதால் இதைக் கடைசிச் சொல்லாகக் கொள்ள வேண்டாம். ஆயினும் கண்காணிப்பு தளர்வதற்கு முன் அந்தச் சட்டம் விரலில் ஏறியிருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். அறைகளை எண்ணிக்கொண்டிருப்பவரால் புனைய முடியாது.

இந்தக் கலை நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. அமெரிக்கப் பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்டு பம்பாய் தாஜ் ஓட்டலிலும் பின்பு கல்கத்தாவிலும் வாசித்தார். 1945 இல் கல்கத்தாவில் காலராவுக்கு இரையானார். 1958 இல் இங்கு சுற்றுப்பயணம் செய்த டேவ் புரூபெக், பம்பாயில் சிதார் கலைஞர் அப்துல் ஹலீம் ஜாஃபர் கானுடன் சேர்ந்து வாசித்துப் பார்த்தார். டார்ஜிலிங்கில் பிறந்த லூயிஸ் பேங்ஸ் இந்திய ஜாஸ் பியானோவின் பெரும் பெயர். சென்னையில் வாழ்ந்து 2015 இல் மறைந்த மாதவ் சாரி, கணிதம் பயின்ற ஜாஸ் பியானோ கலைஞர்.

ஒரு மாதம் பழகியபின், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிப்பதுபோல் நண்பரோடு அமர்ந்து, நான்கு அறை நீங்கள், நான்கு அறை அவர் என்று வாசியுங்கள். தாளத்தைத் தொடையில் தட்டி எண்ண மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கட்டும். நண்பர் எந்தச் சுரத்தில் நிறுத்தினாரோ, அதே சுரத்தில் உங்கள் முறையைத் தொடங்குங்கள்.