கைரேகை சொல்லாத கதை

பழங்காலத்தை நிலைக்களனாகக் கொண்ட துப்பறியும் கதைகளுக்குத் தனிக் கவர்ச்சி ஒன்று உண்டு. குதிரை வண்டிகளும் எரிவாயு விளக்குகளும் பனி படர்ந்த தெருக்களும் நம்மை வேறோர் உலகிற்கு இட்டுச் செல்கின்றன. அறிவியல் பயிலும் என் போன்றோருக்கு இன்னொரு கவர்ச்சியும் உண்டு. இன்று ஆய்வுக்கூடத்தில் எளிதாகக் கையாளப்படும் ஒரு முறை, பிறந்த புதிதில் எப்படித் தட்டுத் தடுமாறி நடந்தது என்பதை அக்கதைகள் காட்டக்கூடும் என்னும் ஆவலே அது. அந்த ஆவலோடுதான் 'தி ஏலியனிஸ்ட்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்க்கத் தொடங்கினேன். பத்துப் பகுதிகளையும் பார்த்து முடித்தபோது எஞ்சியது ஏமாற்றமே. அதன் காரணம் என்ன என்று எண்ணிப் பார்த்ததில் விளைந்ததே இக்கட்டுரை.

காலெப் கார் 1994இல் எழுதிய நாவலைத் தழுவி 2018இல் வெளிவந்த தொடர் இது. கதை நிகழும் ஆண்டு 1896. இடம் நியூயார்க் நகரம். கட்டி முடியாத பாலம் ஒன்றின்மேல் ஒரு சிறுவன் கொடூரமாகக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். அதன்பின் மேலும் சில சிறுவர்கள் மாள்கின்றனர். எல்லாரும் ஏழைகள், பிழைப்புத் தேடி அந்நாட்டில் குடியேறியவர்களின் பிள்ளைகள். காவல்துறைக்கு அவர்களைப் பற்றிக் கவலையில்லை. டாக்டர் கிரைஸ்லர் என்னும் மனநோய் மருத்துவர் கொலையாளியைத் தேடப் புறப்படுகிறார். மனநோய் மருத்துவரை அந்நாளில் 'ஏலியனிஸ்ட்' என்றே அழைத்தார்கள். செய்தித்தாளுக்குப் படம் வரையும் ஜான் மூர், காவல் தலைமையகத்தில் செயலாளராகப் பணிபுரியும் சாரா ஹோவர்டு, ஐசக்சன் என்னும் இரட்டைச் சகோதரர்கள் ஆகியோர் அவருக்குத் துணை நிற்கின்றனர். பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட்டும் காவல் ஆணையராக வருகிறார். இது வரலாற்று உண்மை. 1895 முதல் 1897 வரை அவர் அப்பொறுப்பில்தான் இருந்தார்.

தொடரின் புறத்தோற்றத்தில் நான் குறைகாண மாட்டேன். புடாபெஸ்ட் நகரில் படம்பிடித்து, பழைய நியூயார்க்கை நம் கண்முன் நிறுத்தியிருக்கிறார்கள். சேறும் சகதியுமான தெருக்களையும் செல்வர்களின் விருந்து மேசையையும் அடுத்தடுத்துக் காட்டும்போது, சொல்லாமலே பல செய்திகள் விளங்கிவிடுகின்றன. காலத்தை மீறிய அறிவைப் பாத்திரங்களுக்கு ஏற்றிவிட்டார்கள் என்று சிலர் குறை கூறலாம். அதுவும் முழுக்கச் சரியன்று. செயலைக் கொண்டு கொலையாளியின் மனத்தை ஊகிக்கும் முயற்சியை, இலண்டன் மருத்துவர் தாமஸ் பாண்ட் 1888ஆம் ஆண்டிலேயே செய்து பார்த்திருக்கிறார். கைரேகையும் 1896இல் அறிந்த செய்திதான். அப்படியானால் குறை எங்கே?

ஐசக்சன் சகோதரர்கள் கைரேகை என்னும் புதுக்கலையைப் பற்றிப் பேசுகிறார்கள். மற்றவர்கள் வியந்து கேட்கிறார்கள். அந்த இடத்தில் யாராவது ஒருவர் ஓர் எளிய வினாவை எழுப்புவார் என்று காத்திருந்தேன். 'ரேகை கிடைத்துவிட்டது, சரி. அதை யாருடைய ரேகையோடு ஒப்பிடப் போகிறீர்கள்?' என்பதே அவ்வினா. அதை ஒருவரும் உரக்கக் கேட்டுத் தொடர்ந்து போராடவில்லை. கதை அடுத்த கொலைக்கு விரைகிறது. கைரேகை இயலின் உயிரோ அந்த ஒரு வினாவில்தான் இருக்கிறது!

சற்று விளக்கமாகக் காண்போம். இருவருக்கு ஒரே ரேகை அமைவதில்லை என்பது பலரும் அறிந்ததே. 1858இல் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் அதிகாரி, ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பத்திற்குத் துணையாகக் கைப்பதிவை வாங்கினார். 1880இல், டோக்கியோவில் பணியாற்றிய ஹென்றி ஃபால்ட்ஸ் என்னும் மருத்துவர், ரேகையைக் கொண்டு குற்றவாளியைக் கண்டறியலாம் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார். 1892இல் பிரான்சிஸ் கால்ட்டன் தனி நூலே வெளியிட்டார். அதே ஆண்டு அர்ஜென்டினாவில் ஒரு கொலை வழக்கே கைரேகையால் தீர்ந்தது. ஆகவே அறிவு இருந்தது. இல்லாதது தேடும் வழி. ஒரு லட்சம் பேரின் பதிவுகள் அலமாரியில் அடுக்கப்பட்டிருந்தால், புதிதாகப் பிடிபட்டவனின் பதிவு அவற்றுள் இருக்கிறதா என்பதை எப்படிக் காண்பது? ஒவ்வொன்றாகப் பார்ப்பதென்றால் மாதங்கள் ஓடிவிடும். இதனால்தான் அந்நாளில் காவல்துறைகள் பாரிஸ் நகரத்து பெர்ட்டிலோன் வகுத்த உடலளவு முறையையே நம்பியிருந்தன. தலையின் நீளம், விரலின் நீளம் என்று எண்கள் கிடைத்தால் வரிசைப்படுத்தலாம் அல்லவா?

அந்த முடிச்சு அவிழ்ந்தது நியூயார்க்கிலும் அன்று, இலண்டனிலும் அன்று. நான் இப்போது பயிலும் இந்தக் கொல்கத்தாவில்தான்! தொடர் நிகழும் அதே ஆண்டுகளில், வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்டு ஹென்றியின் கீழ் அஜிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இரு இந்தியர்கள் இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார்கள். ஹக், பிரசிடென்சிக் கல்லூரியில் கணிதம் பயின்றவர். அவர் பெரும்பங்கு ஆற்றிய அந்த முறை வியக்கத்தக்க எளிமை உடையது.

பத்து விரல்களுக்கும் எண் இடுங்கள். வலக்கைக் கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. இடக்கைக் கட்டைவிரல் 6, சுண்டுவிரல் 10. இவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து முறையே 16, 8, 4, 2, 1 என்று மதிப்புக் கொடுங்கள். எந்த விரலில் சுழி இருக்கிறதோ அந்த விரலுக்கு மட்டுமே மதிப்பு உண்டு. வளையமோ வில்லோ இருந்தால் சுழியம். இரட்டைப்படை விரல்களின் மதிப்பைக் கூட்டி ஒன்று சேர்த்தால் மேலெண். ஒற்றைப்படை விரல்களுக்கு அவ்வாறே செய்தால் கீழெண். எடுத்துக்காட்டாக, வலக்கைக் கட்டைவிரல், வலக்கை மோதிரவிரல், இடக்கை மோதிரவிரல் ஆகிய மூன்றில் மட்டும் ஒருவருக்குச் சுழி உண்டு என்று கொள்வோம். மேலெண் 8உம் 1உம் சேர்ந்து 9. கீழெண் 16, 1, 1 சேர்ந்து 18. அவருடைய தாள் 9/18 என்னும் அறையில் கிடக்கும். மேலே 32, கீழே 32 என்று மொத்தம் 1024 அறைகள். அறைக்குள் மேலும் நுண்ணிய பிரிவுகள் உண்டு. இருநிலை எண்முறை அறிந்த நண்பர்கள் இதைப் படித்துப் புன்னகைப்பார்கள். விடுதி நண்பர்கள் பலரின் விரல்களில் மை பூசி இதைச் சரிபார்த்தேன். என்மேல் அவர்களுக்கு இருந்த அன்பு சற்றுக் குறைந்ததுதான் மிச்சம்.

1897இல் உலகின் முதல் கைரேகைப் பணியகம் கல்கத்தாவில் நிறுவப்பட்டது. இலண்டன் ஸ்காட்லாந்து யார்டில் அது தொடங்கியது 1901இல்தான். முறைக்கு உலகம் இட்ட பெயர் 'ஹென்றி முறை'. ஹக்கின் பங்கைப் பிற்காலத்தில் ஹென்றியே ஒப்புக்கொண்டார். ஆயினும் பெயர் மாறவில்லை.

நாடகச் சுவை வேண்டுமா? அதுவும் இங்கே உண்டு. 1897இல் ஜல்பைகுரி மாவட்டத்துத் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கழுத்தறுபட்டுக் கிடந்தார். அவருடைய பெட்டியில் இருந்த வங்காளப் பஞ்சாங்கம் ஒன்றில் மங்கலான இரு கறைகள். முன்னொரு திருட்டுக்காக அந்த மேலாளரால் சிறை சென்ற காங்காலி சரண் என்னும் பழைய வேலைக்காரனின் பதிவு பணியகத்தில் இருந்தது. அவனுடைய வலக்கைக் கட்டைவிரலும் கறையும் ஒத்தன. தனி ஒரு விரலின் கறையைப் பத்துவிரல் அலமாரியில் தேட இயலாது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஐயம் ஒருவன்மேல் விழுந்த பிறகே ரேகை பேசியது. 1898இல் நீதிமன்றம் என்ன செய்தது தெரியுமா? அவன் பெட்டியைத் திறந்து திருடினான் என்பதை ஏற்றது. கொலை செய்தான் என்பதை ஏற்கவில்லை. விரல் பட்டது மெய். ஆனால் அந்த விரல் கத்தியையும் பிடித்ததா என்பதை ரேகை சொல்லாது. ஒரு சான்று எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்னும் இந்தத் தயக்கத்தைப்போல் அறிவியலின் இயல்பைக் காட்டும் காட்சி பத்துப் பகுதிகளில் ஒன்றுகூட இல்லை. கிரைஸ்லருக்கோ எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அவரைச் சுற்றியுள்ள காவலர்கள் மூடர்கள் அல்லது கயவர்கள். ஒரு மேதையின் ஒளி கூடுதலாகத் தெரிய, ஊர் முழுவதையும் இருட்டாக்கிவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் பிறந்தது மதுரை மாவட்டத்தில். எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் கைரேகை என்றால் துப்பறிவாளர் நினைவு வராது. 'ரேகைச் சட்டம்' நினைவுக்கு வரும். குற்றப் பரம்பரைச் சட்டத்திற்கு மக்கள் இட்ட பெயர் அது. ஒரு குலத்தில் பிறந்ததே குற்றம் என்று கொண்டு, களவே அறியாதவனையும் விரலில் மை தடவிப் பதிந்துகொள்ள 1911ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்தது. உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் காவலர்கள் சுட்டதில் 16 பேர் மாண்டனர். மாயக்காள் என்னும் பெண்ணும் அவர்களுள் ஒருவர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது 1947இல்தான். அலமாரியில் யாருடைய ரேகையை வைப்பது என்பதை முடிவு செய்யும் கை எதுவோ, அதுவே யாரைத் தேட வேண்டும் என்பதையும் முடிவு செய்துவிடுகிறது. குடியேறிகளின் துயரத்தை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய தொடர், கைரேகையை மட்டும் கறைபடாத பகுத்தறிவின் விளக்காக ஏற்றிவைத்தது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. அந்த ஏழைச் சிறுவர்களின் தந்தையரைத்தான் அமெரிக்கக் காவலர்கள் முதலில் மை தடவ அழைத்திருப்பார்கள் என்பதை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.

எனக்கு ஒரு வீண் ஆசை உண்டு. குதிரை வண்டித் துரத்தல் இல்லாமல், வங்காளத்து வெயிலில் விசிறி இழுப்பவனும் தூங்கிவிட்ட ஒரு பிற்பகலில், இரு இளைஞர்கள் பல்லாயிரம் தாள்களுக்கு நடுவே அமர்ந்து, 'இதை எந்த அறையில் இடுவது?' என்று வாதாடும் தொடரை யாராவது எடுக்க மாட்டார்களா என்பதே அது. விளம்பரதாரர் கிடைப்பது அரிது என்று என் அறை நண்பர் சொல்கிறார். இருக்கலாம்.

'தி ஏலியனிஸ்ட்' தொடரின் இரண்டாம் பருவம் 2020இல் வெளிவந்துவிட்டது. அதற்கு அடிப்படையான நாவல் நிகழ்வது 1897ஆம் ஆண்டுக் கோடையில், அதாவது கல்கத்தாப் பணியகம் பிறந்த அதே வேளையில். அதை நான் இன்னும் பார்க்கவில்லை.