மரம் காத்த மழைக்கணக்கு

மரத்தண்டின் குறுக்குவெட்டில் ஒன்றனுள் ஒன்றாக வளையங்கள் தென்படும். குளிரும் வெயிலும் மாறிமாறி வரும் நிலங்களில் அவை ஆண்டுக்கு ஒன்றாக உருவாகின்றன. வறண்ட நிலத்து மரத்தில் மழை மிகுந்த ஆண்டின் வளையம் அகன்றும், மழை பொய்த்த ஆண்டின் வளையம் குறுகியும் அமையும். ஒரே வட்டாரத்து மரங்களில் இவ்வரிசை பெரும்பாலும் ஒத்திருக்கும்.

இவ்வுண்மையை ஒரு துறையாக வளர்த்தவர் அமெரிக்க வானியலாளர் ஆண்ட்ரூ எலிகாட் டக்ளஸ். கதிரவனின் கரும்புள்ளிகள் புவியின் தட்பவெப்பத்தை மாற்றுகின்றனவா என ஆராயப் புகுந்தவர், மரங்களிடம் வந்து சேர்ந்தார்! அரிசோனாவில் உயிருடன் நின்ற மரங்களிலிருந்து பின்னோக்கி ஒரு வரிசையை அமைத்தார். தொல்குடியினரின் பாழடைந்த வீடுகளில் கிடைத்த உத்தரங்கள் 585 ஆண்டுகள் கொண்ட மற்றொரு வரிசையைத் தந்தன. ஆயினும், அது எந்நூற்றாண்டிற்குரியது என்பது விளங்கவில்லை; இரண்டையும் இணைக்கும் மரம் கிட்டவில்லை. 1929ஆம் ஆண்டு ஷோ லோ என்னும் ஊரில் கரிந்த உத்தரம் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. 1237ஆம் ஆண்டில் தொடங்கிய அதன் வளையங்கள் இரு வரிசைகளையும் பிணைத்தன. கரியானதால் அது மட்காமல் எஞ்சியது போலும்.

இணைந்த வரிசையில் 1276 முதல் 1299 வரையிலான வளையங்கள் குறுகிக் காணப்பட்டன. ஏறத்தாழ அக்காலத்தில்தான், அண்டை மாநிலமான கொலராடோவில் மேசா வெர்டே மலைச்சரிவுகளில் கல்வீடு கட்டி வாழ்ந்த மக்கள் அவற்றைக் கைவிட்டனர். வறட்சி ஒன்றே காரணமெனக் கொள்ளுதல் பொருந்தாது. அவர்களிடையே பூசலும் நிகழ்ந்துள்ளது. வெளியேறியோர் பலர் தெற்கே, ரியோ கிராண்டே ஆற்றங்கரையை நோக்கிச் சென்றனர்.