கூட்டுப்புழு வைத்திருந்த படைக்கலம்

தட்டம்மை ஒருமுறை கண்டவருக்குப் பெரும்பாலும் மறுமுறை வருவதில்லை. அந்நோய்க்கென்றே நம் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் உருவாகிவிடுவதே காரணம் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். பூச்சிகளுக்கோ எதிர்ப்பொருள்களே கிடையா. சாணத்திலும் குப்பையிலும் திரியும் அவை கிருமிகளுக்கு இரையாகாமல் எப்படிப் பிழைக்கின்றன? இதற்கு விடை தேடுவதில் பல்லாண்டுகளைச் செலவிட்டவர் சுவீடன் நாட்டு அறிஞர் ஹான்ஸ் போமன் (1924–2008).

அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது, வட அமெரிக்காவில் வாழும் செக்ரோப்பியா என்னும் பெரிய அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு. குளிர்காலம் முழுவதும் அது கூட்டுக்குள் உறங்கும். அக்காலத்தில் அதன் உடலில் புதிய புரதங்கள் மிகக் குறைவாகவே உண்டாகும். ஆய்வாளருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று பாருங்கள்! உறங்கும் புழுவுக்குள் ஊசியால் பாக்டீரியாக்களைச் செலுத்தினால் புழு விழிப்பதில்லை; ஆனால் அதன் படைக்கலச் சாலை மட்டும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. அப்போது புதிதாகத் தோன்றும் புரதங்களை எளிதில் இனங்கண்டுகொள்ளலாம். விடுதியில் அனைவரும் உறங்கியபின் ஒருத்தி மட்டும் பேசினால், யாரென்று உடனே தெரிந்துவிடும் அல்லவா? (விடுதி மாணவியருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.)

இவ்வாறு பிரித்தெடுத்த ‘செக்ரோப்பின்’ என்னும் சிறு புரதங்களின் அமைப்பைப் போமன் குழுவினர் 1981-இல் வெளியிட்டனர். நாற்பதுக்கும் குறைவான அமினோ அமிலங்கள் கோத்த சின்னஞ்சிறு சங்கிலி அது. பாக்டீரியாவின் மேற்சவ்வைக் குலைத்து அதைக் கொன்றுவிடுகிறது.

1989-இல் பன்றியின் குடலிலிருந்தும் ஒரு செக்ரோப்பின் கிடைத்ததாக அக்குழு அறிவித்தது. பூச்சிக்கும் பாலூட்டிக்கும் ஒரே படைக்கலமா என்று பலரும் வியந்தனர். ஆனால் 2003-இல் உண்மை வெளிப்பட்டது. அந்தப் புரதம் பன்றியுடையதே அன்று. பன்றியின் குடலில் குடியிருந்த உருண்டைப்புழுவினுடையது! இதைக் கண்டறிந்து வெளியிட்டவர்களுள் போமனும் ஒருவர். தமது முந்தைய முடிவைத் தாமே திருத்தி எழுதியபோது அவர் எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். செக்ரோப்பினைக் கண்டுபிடித்ததைவிட இச்செயலையே நாம் பெரிதாகக் கருதுகிறோம்.

அப்படியானால் பாலூட்டிகளிடம் இத்தகைய படைக்கலம் இல்லையா? இருக்கிறது. மனித உடலில் உள்ள ஒன்றை 1995-இல் போமனும் இடம்பெற்ற ஒரு குழு அறிவித்திருந்தது. இன்று அதை எல்.எல்.-37 என்கிறார்கள், அதில் 37 அமினோ அமிலங்கள் உள்ளன. நம் வெள்ளணுக்களில் அது இருப்பில் இருக்கிறது. தோலில் காயம் பட்டால் அவ்விடத்திலும் அது மிகுதியாகச் சுரக்கிறது.